டேப் யார் கையில்? கோவையில் ஸ்கிரீனும் பிளைண்ட்ஸும் வாங்கக் கடை தேடிய கதை

எங்கள் வீட்டு ஹாலில் பால்கனிக் கதவுக்குப் போட்ட ஸ்கிரீன் தரைக்கு நான்கு அங்குலம் மேலேயே நின்றுவிடும். வருகிறவர்கள் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. கண் மட்டும் ஒருமுறை கீழே போய்விட்டு வரும். "எட்டாவது படிக்கிற பையன் ஆறாவது பேன்ட்டைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று அம்மாதான் போட்டு உடைத்தார்.

தப்பு யாருடையது என்று தேடினால் ஆளே சிக்கவில்லை. துணி ஒரு கடையில் வாங்கியது, நல்ல காட்டன். அளவெடுத்தது நான். தைத்தவர் வேறொருவர், நான் எழுதிக் கொடுத்த 84 அங்குலத்துக்கு நூல் பிசகாமல் தைத்திருந்தார். முதல் சலவையில் துணி 5 சதவீதம் சுருங்கியது. 84-ல் 5 சதவீதம் என்றால் நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. "தைக்கறதுக்கு முன்னாடி நனைச்சுக் காயவெச்சீங்களா?" என்றார் துணிக்கடைக்காரர். "நனைச்சுத்தான் கொண்டாந்திருப்பீங்கன்னு நினைச்சேனுங்க" என்றார் தையல்காரர். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

அதனால் மீதி ஏழு ஜன்னல்களுக்கும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். நான்கு வகைக் கடைகள். போகும்போது துணியையும் விலையையும் ஒப்பிட வேண்டும் என்றுதான் போனேன். திரும்பி வரும்போது எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு கேள்விகள்: அளவெடுக்கிற டேப் யார் கையில் இருக்கிறது? தப்பாகிப் போனால் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரப்போவது யார்? கீழே எழுதியிருப்பதையெல்லாம் இந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்திருக்கிறேன். அழகு, டிசைன், நிறப் பொருத்தம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்; அந்தத் துறை வீட்டில் வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

கோவைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி பிறந்தால் அந்தப் பக்கமிருந்து வருகிற காற்று ஆவணி வரை லேசில் ஓயாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஜன்னல் துணி எந்த மூலைக்கு? எங்கள் வீடு வடவள்ளிப் பக்கம், இரண்டாவது மாடி. ஹாலும் ஒரு படுக்கையறையும் மேற்குப் பார்த்தவை. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும், மனிதர்களுக்கு இடம் இருக்காது. சென்னையில் கடலோரம் இருக்கிற தங்கைக்கு வேறு கவலை. உப்புக் காற்றில் இரும்பு ராடு இரண்டே வருடத்தில் துருவேறி, ஸ்கிரீனை இழுத்தால் கிறீச்சென்கிறது என்கிறாள்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் என்ன வேலை என்று எழுதிக்கொண்டேன். ஹாலுக்கு வெயிலும் காற்றும். படுக்கையறைக்கு இருட்டு. நான் வேலை பார்க்கிற அறைக்கு, லேப்டாப் திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது, ஆனால் வெளியே மரம் தெரிய வேண்டும். சமையலறைக்கு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க முடிகிற ஏதாவது ஒன்று. இப்படி எழுதிப் பார்த்ததுமே, எட்டு ஜன்னலையும் ஒரே கடையில் கொடுப்பது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது.

துணி ஓரிடம், தையல் ஓரிடம்

ஒப்பணக்கார வீதியிலும் பெரிய கடை வீதியிலும் ஸ்கிரீன் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். எனக்குப் பிடித்தவை மீட்டர் 180-லிருந்து 350 ரூபாய் வரை இருந்தன. கையால் தொட்டு, கசக்கி, கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்: கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் சந்தனமாகத் தெரிந்த துணி, வாசலில் பச்சை கலந்த மஞ்சளாக மாறிய அதிசயத்தை நான் பார்த்தேன்.

டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இரண்டு மிஷின் போட்டு ஸ்கிரீன் மட்டுமே தைக்கிற ஒருவர் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். முதலில் அவரிடம்தான் போய் நின்றேன்.

"ஜன்னல் எத்தனை அடிங்க?"

"அஞ்சுக்கு அஞ்சுங்கண்ணா."

"துணி பன்னா?"

"நாற்பத்தெட்டு."

காதிலிருந்த பென்சிலை எடுத்து, கிழித்த காலண்டர் தாளின் முதுகில் கணக்குப் போட்டார். மடிப்பு அழகாக விழ வேண்டுமென்றால் ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு பங்கு துணி வேண்டும். ஐந்தடிக்குப் பத்தடி, 120 அங்குலம். பன்னா என்றால் துணியின் அகலம்; 48 அங்குலப் பன்னாவில் இரண்டரை பீஸ் வருகிறது, மூன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதை நெடுகக் கிழித்து, மற்ற இரண்டோடும் பாதிப் பாதி சேர்த்துவிடுவார். உயரம் ஐந்தடி, மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் ஓரடி, ஆக ஆறு. மூவாறு பதினெட்டு அடி. ஐந்தரை மீட்டர். பெரிய பூப் போட்ட துணியென்றால் பூவோடு பூ சேர்வதற்காகப் பீஸுக்குப் பீஸ் இன்னும் கொஞ்சம் சேதாரம் போகும்.

"ஒன்றரைப் பங்கு போதும்னு சில பேர் சொல்லுவாங்க, துணி கம்மியாகும். மாட்டிப் பார்த்தா பெட்ஷீட் காயப்போட்ட மாதிரி இருக்குமுங்க" என்றார்.

துணி மீட்டர் 280 என்று வைத்தால் ஐந்தரை மீட்டருக்கு 1,540 ரூபாய். தையல் கூலி வளையத்தோடு சேர்த்துப் பீஸுக்கு 180, மூன்றுக்கு 540. ஒரு ஜன்னல் 2,080 ரூபாய்க்கு முடிகிறது. இதைவிடக் குறைவாகத் தைத்த ஸ்கிரீன் எங்கும் கிடைக்கவில்லை.

இவரிடம் கற்றுக்கொண்டது இன்னும் உண்டு. வளையம் வைத்துத் தைக்கிற ஸ்கிரீனில் வளையங்கள் எட்டு, பத்து என்று இரட்டைப்படையில்தான் வர வேண்டும். ஒற்றைப்படையானால் ஓர் ஓரம் சுவரைப் பார்த்து அடங்கி நிற்கும், இன்னோர் ஓரம் நம்மைப் பார்த்துத் துருத்திக்கொண்டு நிற்கும். கீழ் மடிப்பை நான்கு அங்குலமாக, இரட்டையாக மடித்துத் தைத்தால், பின்னால் சுருங்கினாலும் பிரித்து இறக்கலாம். காற்றடிக்கிற ஜன்னலென்றால் கீழ் மூலைகளில் கனத்துக்கு ஏதாவது வைத்துத் தைப்பார். முன்பெல்லாம் இரும்பு வாஷர் வைப்பாராம், துருப்பிடித்துத் துணியில் கறையாகிவிட்டது என்று நான்கு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். இப்போது வாடிக்கையாளரிடமே ஒரு ரூபாய்க் காசு கேட்டு வாங்கி வைக்கிறார். எவர்சில்வர் காசுதானே, துருப்பிடிக்காது. ஒரு ஜன்னலுக்கு நான்கு ரூபாய். இந்தச் செலவை எந்த எஸ்டிமேட்டிலும் பார்க்க முடியாது.

குறை என்ன? டேப் உங்கள் கையில். அவர் தைப்பார், அவ்வளவுதான். ராடு வாங்குவது, பிராக்கெட் அடிப்பது, ஏணி ஏறுவது எல்லாம் உங்கள் பாடு. அடுக்குமாடி வீட்டில் இது சின்ன விஷயமில்லை. ஜன்னலுக்கு நேர் மேலே, சுவரைத் தாங்குகிற கான்கிரீட் லிண்டல் இருக்கும். வீட்டில் படம் மாட்டுகிற சாதாரண டிரில் அதில் ஓட்டை போடத் திணறும், ஹேமர் டிரில் வேண்டும். லிண்டலைத் தாண்டிப் பக்கவாட்டில் போனால் எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவராக இருக்கலாம். அதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி ஸ்குரூ முடுக்கினால், முதல் ஆடிக் காற்றிலேயே பிராக்கெட் பொடியோடு கையில் வரும். அதற்கென்று தனி பிளக் விற்கிறார்கள். தையல்காரருக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷோரூம்

அடுத்தது கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஃபர்னிஷிங் ஷோரூம்கள். ஆர்.எஸ்.புரத்திலும் அவிநாசி ரோட்டிலும் அப்படிச் சிலவற்றில் ஏறினேன். உட்கார வைத்து, காபி கொடுத்து, தலையணை கனத்தில் ஆல்பம் ஆல்பமாகத் துணி சாம்பிள்களைக் காட்டுகிறார்கள். அதே ஐந்துக்கு ஐந்து ஜன்னலுக்குத் துணி மீட்டர் 650, தையல் பீஸுக்கு 300, ராடும் ஃபிட்டிங்கும் 900. கூட்டினால் 5,375 ரூபாய். ராடைக் கழித்துப் பார்த்தாலும் தையல்காரர் கணக்கைப் போல் இரண்டு பங்குக்கு மேல்.

அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதை அளவெடுக்க வந்த பையனைப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு ஜன்னலின் அகலத்தையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தான். ஹால் ஜன்னல் மேலே 60, நடுவே 59¾, கீழே 59½ அங்குலம். சுவர்ப் பூச்சு நேராக இருக்கிறது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு நான் யோசித்தே இராத கேள்விகளாகக் கேட்டான். ஏசி எந்தச் சுவரில் வரப்போகிறது? அலமாரிக் கதவைத் திறந்தால் ராடின் முனையில் இடிக்குமா? கொசுவலைச் சட்டத்தைத் திறக்க உள்பக்கம் எத்தனை அங்குலம் வேண்டும்? சார்ஜரை ஸ்கிரீனுக்குப் பின்னால் கையை விட்டா செருகுவீர்கள்?

பால்கனிக் கதவு எட்டடி அகலம். "ஆறடிக்கு மேல போனா நடுவுல ஒரு பிராக்கெட் குடுக்கணும் சார், இல்லைன்னா ராடு தொங்கிரும். ஆனா வளைய ஸ்கிரீன் அந்த பிராக்கெட்டைத் தாண்டாது. ஒரு பக்கத் துணி நடுவோட நின்னுக்கும், பரவாயில்லைங்களா? முழுசா ஒரே பக்கம் ஒதுக்கணும்னா ராடுக்குப் பதிலா உள்ளே சக்கரம் ஓடற டிராக் போட்டுக்கலாம்" என்றான். ஏற்கெனவே நான் எட்டடி ராடு மாட்டி, அது நடுவில் வில்லாக வளைந்து நிற்பதை அவன் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னான். மரியாதைக்காகச் சுட்டிக்காட்டவில்லை.

அளவு எடுத்தது அவர்கள் ஆள் என்பதால், நீளம் குறைந்தாலோ கூடினாலோ அவர்கள் பொறுப்பு. ஷோரூமின் ஆகப் பெரிய லாபம் இதுதான். ஆனால் இந்தப் பொறுப்பு தானாக வந்துவிடாது. ஆர்டர் தாளில் "அளவு: கடை" என்று எழுதி வாங்க வேண்டும். ஒரு கடையில், வீட்டுக்கு வந்து அளந்த பிறகும் தாளில் "வாடிக்கையாளர் கொடுத்த அளவு" என்றே அச்சாகியிருந்தது. கேட்டால் கம்ப்யூட்டர் அப்படித்தான் போடுமாம்.

இன்னொரு ஷோரூமில் வேறு வேடிக்கை. இதே ஹால் ஜன்னலுக்கு எட்டு மீட்டர் துணி என்று எஸ்டிமேட் வந்தது. காலண்டர் தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. "பன்னா எவ்வளவுங்க, எத்தனை பீஸ் வெட்டறீங்க, பூ சேர்றதுக்கு எவ்வளவு விடறீங்க?" என்று கேட்டேன். விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு ஆறு மீட்டருக்கு இறங்கி வந்தார். ஏமாற்ற நினைத்தாரா, பழக்கத்தில் கூட்டிப் போட்டாரா என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் துணி, தையல், லைனிங், ராடு, ஃபிட்டிங் ஐந்தையும் தனித்தனி வரியாகப் பிரித்துத் தராத கடையில் ஆர்டர் கொடுக்க மாட்டேன். மிச்சத் துணியைக் கேட்டு வாங்குவதும் அப்படித்தான். அது நம் காசு. சோபா குஷனுக்கு ஆகும், கிழிந்தால் ஒட்டுப் போடவும் ஆகும்.

ஆல்பத்துத் துணியில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது கடையில் இருப்பு இருக்காது; ஆர்டர் போன பிறகுதான் டீலரிடமிருந்து வரும். இப்போது ஒரு ஜன்னலுக்கு, பொங்கலுக்கு இன்னொரு ஜன்னலுக்கு என்று தவணை முறையில் வாங்கினால் சாய லாட் மாறி, பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் இரண்டு நிற நீலம் தொங்கும். ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

பிளைண்ட்ஸ் கடை

பிளைண்ட்ஸ் விற்கிறவர்களின் கணக்கே வேறு. சதுர அடி. எனக்குச் சொன்ன விலை, குழாயில் துணி சுருண்டு ஏறுகிற ரோலருக்குச் சதுர அடி 140 ரூபாய், பட்டை பட்டையாக வெளிச்சம் விடுகிற ஜீப்ராவுக்கு அதைவிட அதிகம். ஜன்னலைவிட அரையடி கூட்டி ஐந்தரைக்கு ஐந்தரை என்றால் 30 சதுர அடி சொச்சம், 4,235 ரூபாய். தையல்காரருக்கும் ஷோரூமுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. ஆனால் சின்ன ஜன்னலில்தான் ஆப்பு. பல கடைகள் ஒரு பிளைண்டுக்குக் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் சமையலறை ஜன்னல் இரண்டுக்கு மூன்று, ஆறு சதுர அடி. பில் பத்து சதுர அடிக்கு. விலை பேசுமுன் இதைக் கேட்டுவிட வேண்டும். நான் பேசி முடித்த பிறகு கேட்டேன்.

இங்கே அளவெடுப்பது இன்னும் நுணுக்கமான வேலை. ஸ்கிரீன் அரை அங்குலம் கூடக்குறைய இருந்தால் யாருக்கும் தெரியாது. ஜன்னல் சட்டத்துக்குள் பொருந்துகிற பிளைண்ட் கால் அங்குலம் கூடினாலும் உள்ளே போகாது, வெட்டிய துணியை நீட்டவும் முடியாது. எங்கள் ஹால் மாதிரி மேலே 60, கீழே 59½ இருக்கிற ஜன்னலில் ஆகக் குறைந்த அளவைத்தான் எடுக்க வேண்டும். ரோலரில் இன்னொரு சூட்சுமம்: துணியின் அகலம், பிராக்கெட் முதல் பிராக்கெட் வரை உள்ள அகலத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குறைவாகவே இருக்கும். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கோடாக விழும். படுக்கையறைக்கு முழு இருட்டு வேண்டும் என்பவர் இதைத் தெரியாமல் வாங்கினால், காலையில் ஆறு மணிக்கு அந்தக் கோடு சரியாகக் கண்ணில் வந்து நிற்கும்.

வேலை பார்க்கிற அறைக்கு நான் எடுத்தது சன்ஸ்கிரீன் வகை ரோலர். துணி சல்லடை மாதிரி நெய்தது. 1, 3, 5, 10 சதவீதம் என்று சொல்வது அந்தத் துளைகளின் அளவை. எண் கூடக்கூட வெளியே நன்றாகத் தெரியும், வெயிலும் அதிகம் வரும். பகலில் உள்ளிருந்து வேப்பமரம் தெரிகிறது, தெருவிலிருந்து நாம் தெரிவதில்லை. ராத்திரி விளக்கைப் போட்டதும் கதை தலைகீழ். எதிர்வீட்டு மாடியிலிருந்து நான் லேப்டாப்பில் கிரிக்கெட் பார்ப்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. கடையில் பகலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்ததன் விளைவு. ராத்திரியும் மறைவு வேண்டிய அறைக்கு இந்த வகை தனியாகச் சரிவராது, பின்னால் ஒரு ஸ்கிரீனும் வேண்டும்.

காற்று விஷயத்தில் பிளைண்ட்ஸ்காரர்கள் யாரும் தாமாக வாய் திறக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து ரோலரை இறக்கினால், அடிக் கம்பி கிரில்லில் டக் டக்கென்று மோதிக்கொண்டே இருக்கும். மத்தியானத் தூக்கம் போச்சு. பக்கக் கம்பி கொடுத்து அதில் அடிக் கம்பி ஓடுகிற மாதிரி செய்து தருகிறார்கள், கேட்டால்தான். ஆடி முழுவதும் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிற வீட்டில் மேற்கு ஜன்னலுக்கு ரோலர் வேண்டாம் என்பது என் கட்சி. பல துண்டுகளாகத் தொங்குகிற வெர்ட்டிகல் வகை அதைவிட மோசம், அடிச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகத் தெறிக்கும். அது ஏசி ஆபீஸுக்குப் பிறந்தது.

குழந்தை இருக்கிற வீடென்றால் விலை, டிசைன் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இழுக்கிற மணிச்சங்கிலியை. வளையமாகத் தொங்குகிற சங்கிலியும் கயிறும் சின்னக் குழந்தையின் கழுத்தில் மாட்டி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால்தான் ஐகியா 2016-லேயே கயிறு தொங்குகிற பிளைண்ட்ஸ் விற்பதை நிறுத்தியது. நம் ஊரில் சங்கிலி வைத்ததுதான் சாதாரணமாகக் கிடைக்கிறது. சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் பெட்டியிலேயே வரும்; ஃபிட்டிங் செய்கிறவர் சுவரில் இன்னொரு ஓட்டை எதற்கென்று அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போவார். நின்று மாட்டவைத்து அனுப்புங்கள். கட்டிலையும் தொட்டிலையும் அந்த ஜன்னலுக்குக் கீழே போடாதீர்கள். ஸ்பிரிங்கில் தூக்குகிற வகையோ மோட்டாரோ கட்டுபடியானால் இந்தப் பயமே இல்லை.

கடைக்குக் கடை வித்தியாசம் தெரிகிற இடம் ரிப்பேர். ரோலரில் முதலில் போவது துணியில்லை, சங்கிலி ஓடுகிற பிளாஸ்டிக் பல்சக்கரம். அதைத் தனியாக மாற்றலாம், சின்னச் செலவுதான். ஆனால் அந்தப் பாகம் யாரிடம் இருக்கிறது? கடைக்குப் பின்னால் சொந்தமாக மேஜை போட்டு, குழாயையும் துணியையும் அங்கேயே வெட்டி மாட்டுகிறவர், டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இன்னொரு கடையில் அழகான ஆல்பம், அழகான பேச்சு. பொருள் முழுக்க வெளியூரில் தயாராகி வருகிறது. பாகம் வேண்டுமென்றால் கம்பெனிக்கு எழுத வேண்டுமாம், மூன்று வாரம். "வெட்டற இடம் எதுங்க, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மேஜை இருக்கிறவர் சந்தோஷமாகக் கூட்டிப் போய்க் காட்டுவார்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும், எந்தக் கடையும் சொல்லவில்லை என்பதால். கண்ணாடிக்கு உள்பக்கம் எவ்வளவு கனமான பிளாக்அவுட் (வெளிச்சம் புகாத துணி) போட்டாலும் வெளிச்சம் மட்டும்தான் தடைபடும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். வெளிப்பக்கமே மறித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பால்கனிக்கு வெளியே கட்டிய மூங்கில் தட்டி எங்கள் ஹாலுக்குச் செய்ததில் பாதியைக்கூட மீட்டர் 650 ரூபாய்த் துணி செய்திருக்காது. தட்டி மழையில் கறுக்கும், அணில் நார் உருவும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான்.

தைத்து வைத்ததை வாங்குவது

ரெடிமேட் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு ஐந்தடி, கதவுக்கு ஏழடி, பெரிய கதவுக்கு ஒன்பதடி, அகலம் நான்கடி. உங்கள் ஜன்னல் அந்த அளவில் இருந்தால் அதிர்ஷ்டம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வேறு எங்கும் போக வேண்டாம் என்பேன். அடுத்த வீட்டின் ஜன்னல் என்ன அளவில் இருக்குமோ, யார் கண்டது? ஆன்லைனில் வாங்கினால் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். நான் பார்த்த நான்கு வழிகளில் அந்த வசதி இதில் மட்டும்தான். அளவு வெட்டித் தைத்ததை எந்தக் கடையும் திரும்ப வாங்காது, வாங்கச் சொல்வதும் நியாயமில்லை.

ஆனால் கோவைக்காரர்களுக்குக் கரூர் பக்கத்தில் இருக்கிறது. படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, திரைச்சீலை என்று வீட்டு உபயோகத் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பியே வளர்ந்த ஊர். ஏற்றுமதியில் மிஞ்சியது, சின்னப் பிழைக்காகக் கழிந்தது எல்லாம் அங்கே கடைகளில் கிடைக்கிறது. நல்ல கனமான துணி, பாதி விலை. அளவை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்காவுக்குத் தைத்தவை 63, 84, 95, 108 அங்குல நீளத்தில் வரும். 84 நம் ஏழடிக் கதவுக்கு அப்படியே பொருந்தும். 63 நம் ஐந்தடி ஜன்னலுக்கு மூன்று அங்குலம் கூடுதல், அது நல்லதுதான். 95 எட்டடிக்கும் போதாது, ஒன்பதடிக்கும் போதாது. ஏழடிக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். ஜோடி கிடைப்பதும் அன்றைய அதிர்ஷ்டம். கைத்தறியே வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸில் ஸ்கிரீன் துணி பாருங்கள், தீபாவளித் தள்ளுபடி வழக்கமாக 30 சதவீதம் இருக்கும். காட்டன் என்பதால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இதை நான் எந்த அனுபவத்தில் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்டீரியர் கான்ட்ராக்டரிடமே ஸ்கிரீனையும் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். விடலாம், அவரும் மேலே சொன்ன ஏதோ ஒரு கடைக்குத்தான் போவார். நடுவில் அவருக்கு ஒரு பங்கு. வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு முடிப்பவர்களுக்கு அது ஒத்துவரும்.

கடைசியில் நான் பிரித்துக் கொடுத்தது இப்படி. ஹாலின் மேற்கு ஜன்னலும் பால்கனிக் கதவின் டிராக்கும் ஷோரூமுக்கு, ஏனென்றால் அங்கேதான் அளவு சிக்கல். மேற்குப் படுக்கையறைக்கும் அவர்களிடமே பிளாக்அவுட் லைனிங் வைத்த ஸ்கிரீன். வேலை அறைக்கும் சமையலறைக்கும் மேஜை வைத்திருந்த பிளைண்ட்ஸ்காரர்; சமையலறைக்கு அலுமினியப் பட்டை வகை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மீதி மூன்று ஜன்னல்களும் சாதாரண அளவு, கிழக்கும் வடக்கும். அவை மாடிப்படித் தையல்காரருக்கு.

முன்பணம் பாதிக்கு மேல் எங்கும் கொடுக்கவில்லை. மாட்டி முடித்து, ஒவ்வொன்றையும் பத்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மீதி. பில்லும் வாங்கிவிட்டேன், பில் இருந்தால்தான் பின்னால் தகராறென்று வரும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டாலும் பேச ஏதாவது இருக்கும். நாளும் முக்கியம். ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்து, அந்த மாதமே தைக்கக் கொடுத்துவிட்டால் பத்து நாளில் வருகிறது. புரட்டாசியில் கொடுத்தால் தீபாவளி ஜாக்கெட்டுகளுக்கு அடியில் உங்கள் ஸ்கிரீன் எங்கோ புதைந்திருக்கும்.

மூன்று ஜன்னல் துணியையும் கொண்டுபோனபோது, கூடவே அந்தக் குட்டை ஸ்கிரீனையும் ஒரு பையில் எடுத்துப் போயிருந்தேன். தையல்காரர் பிரித்து, கீழ் மடிப்பை விரலால் நெம்பிப் பார்த்தார். ஓர் அங்குல மடிப்பு, இறக்குவதற்கு ஒன்றுமில்லை.

"யாருங்க தெச்சது?"

சொன்னேன்.

"தையல் நல்லாத்தான் இருக்குது" என்றபடி துணியை மடித்து ஓரமாக வைத்தார். "கீழே வேற கலர்ல ஒரு பட்டை வெச்சுக் குடுத்தரலாமுங்க, டிசைன்னு நினைச்சுக்குவாங்க. எத்தனை அங்குலம்?"

"நாலு."

பென்சில் காதிலிருந்து இறங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வடவள்ளிதானுங்களே? ஞாயித்துக்கிழமை மருதமலைக்கு வர்றேன். வர்ற வழியில நானே வந்து அளந்துக்கறேனுங்க" என்றார்.